அம்மா கூட்டிப் பெருக்கிய கடற்கரை

கரையில் ஒரு கயிற்றுத் துண்டுகூடக் கிடக்கவில்லை.

காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஓட்டோவிலிருந்து இறங்கித் தென்னந்தோட்டத்தைத் தாண்டி மணலில் கால் வைத்ததும், ஊர் மாறி வந்துவிட்டேனோ என்று நின்றேன். வள்ளங்கள் இல்லை. கரைவலை இல்லை. கருவாடு காயும் பரண்கள் இல்லை. மீனவர் தங்கும் ஓலை வாடிகள் நின்ற இடத்தில் வெறும் மணல். அந்த மணலும் அலையோரத்திலிருந்து முள்ளுக்கம்பி வேலி வரைக்கும் கூட்டப்பட்டு, விளக்குமாற்றின் கீறல்களோடு வரிவரியாகக் கிடந்தது.

நடுவில் இரண்டு கம்புகள் நட்டுக் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதன் கீழே யாரோ வந்து உட்கார வெள்ளைத் துணி விரித்த கதிரை. கதிரைக்குப் பக்கத்தில், திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் பச்சைச் சேலையில் என் அம்மா.

“எப்பிடி மகள்? ஆண்டகை வந்த நேரமும் கரை இவ்வளவு வடிவா இருக்கேல்ல, என்ன?”

இன்னும் கொஞ்ச நேரத்தில் மாவட்ட நீதிபதி அங்கே வரப்போகிறார். இந்தக் கரையை யாராவது பாவிக்கிறார்களா என்று தன் கண்ணால் பார்க்கத்தான் அவர் வருகிறார். யாரும் பாவிக்காத வெறுங்கரை இது என்பதுதான் வேலி போட்ட ஹோட்டல் கம்பனியின் வாதம். அதற்கு வேண்டிய சாட்சியை என் அம்மா ஊரையே திரட்டித் தயார் செய்து வைத்திருந்தாள்.

வேலி வந்த விதம்

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கம், களப்பு எனப்படும் உப்பேரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டு. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். ஆண்கள் கரைவலை இழுப்பார்கள், பெண்கள் கருவாடு போடுவார்கள்.

போர் முடிந்த பிறகு எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் அவர்களைப் பார்க்க எங்களுக்கும் விருப்பம்தான். அவர்களுக்குப் பின்னால் ஹோட்டல்கள் வந்தன. கொழும்புக் கம்பனி ஒன்று எங்கள் கரைக்குப் பின்னாலிருந்த தென்னந்தோட்டத்தை வாங்கியது. ஒருநாள் பரண்களுக்குப் பின்னால் சீமெந்துத் தூண்கள் முளைத்தன. தூண்களுக்கு முள்ளுக்கம்பி வந்தது. வேலியை அலை வரைக்கும் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். நில உறுதிப் பத்திரத்தில் தங்களுக்கு அதுவரை நிலம் இருக்கிறதாம்.

கரைவலையை வள்ளத்தில் நின்று இழுக்க முடியாது. வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் மணலில் நின்று இழுக்க வேண்டும். வலைக்குச் சொந்தக்காரரான சவிரிமுத்து மாமா ஒரே வசனத்தில் சொன்னார்: “காலூன்ற இடமில்லாட்டி வலையைக் கழுத்தில போட்டுக்கொண்டா நிக்கிறது?”

சட்டத்தரணியான நான் ஊர் சார்பில் வழக்குப் போட்டேன். வேலியை முன்னால் நகர்த்த இடைக்காலத் தடை வாங்கினேன். அந்த வழக்கில் தோற்றிருந்தால் இன்று அங்கே ஊர் இல்லை. கரையைப் பார்க்கும் கண்ணாடி ஜன்னல்கள்தான் இருந்திருக்கும்.

அம்மாவின் ஒரே அளவுகோல்

இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்த வாசகித் தங்கை ஒருத்தி, “உங்கள் அம்மா ஏன் எல்லாவற்றையும் இப்படிச் சடங்கு மாதிரிச் செய்கிறார்?” என்று கேட்டிருந்தாள். அதற்கு இந்த இடத்தில் பதில் சொன்னால்தான் கரை ஏன் அப்படிக் கிடந்தது என்பதும் விளங்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. கோயில் தெரியும். தெரியாத எதையும் அவள் கோயிலை வைத்துத்தான் அளப்பாள். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போன நாளில், கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளைபோல என்னை வெள்ளை உடுப்பில் அனுப்பினாள். புத்தளத்தில் விடுதியில் விட்டபோது, கன்னியர் மடத்துக்கு மகளைக் கொடுத்தவள்போலக் கொஞ்சநாள் மீன் சாப்பிடாமல் இருந்தாள். மீன் சாப்பிடாத கரையூர்க்காரியை யாராவது கண்டிருக்கிறீர்களா?

சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்ததும் கோயில் மணியை அடிப்பித்தாள். யாரோ செத்துப்போனார்கள் என்று சனம் அலறிக்கொண்டு ஓடி வந்தது.

“ஆரடி போனது?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா.

“என்ட மகள்தான். கொழும்புக்கு.”

பிலோமினா அக்கா கொஞ்சக் காலம் அம்மாவோடு கதைக்கவில்லை.

சட்டத்தரணியானதும் புத்தளத்தில் ஹனிபா சேரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். இறால் பண்ணைக் கழிவு, களப்போரம் வெட்டப்பட்ட கண்டல் மரங்கள், கள்ளமாக அள்ளிய ஆற்று மணல் என்று சுற்றாடல் வழக்குகளாகவே என் மேசைக்கு வந்தன. “எல்லாரும் கறுப்புக் கோட்டைப் போட்டுக் கறுப்பாகிறாங்க, நீங்க மட்டும் சேத்துக்குள்ள போய்க் கறுப்பாகிறீங்க” என்று சேர் கேலி செய்வார். எங்கள் கரை வழக்கு வந்தபோது, “உங்கட ஊர். நீங்களே நில்லுங்க மகள். நான் வரமாட்டன்” என்றார். உண்மையிலேயே வரவில்லை.

கரையைப் பார்க்க நீதிபதி வருகிறார் என்று நான் வீட்டில் சொன்னதும் அம்மாவின் மனதில் ஓடியது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவள் கண்ட மிகப் பெரிய மனிதர் மறைமாவட்டத்து ஆயரான ஆண்டகை. கடலை ஆசீர்வதிக்க ஆண்டகை வரும் நாளில் எங்கள் ஊர் கடலுக்குப் போகாது. வலை, கயிறு, பரண், வாடி எல்லாவற்றையும் கழற்றி உள்ளே எடுத்துவிட்டுக் கரையைக் கூட்டித் தோரணம் கட்டும். பரம்பரை பரம்பரையாக வரும் முறை அது. நீதிபதிக்கு அதைவிடக் குறைவாகச் செய்வதா? அதுவும் மகளின் வழக்கில்?

கோயில் கூரையில் காகங்கள்

நீதிபதி பெண் என்பதை அம்மா எதிர்பார்க்கவில்லை. அவர் வாகனத்திலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். அம்மா தம்பிலி இளநீரைச் சீவி நீட்டினாள். நீதிபதி தலையசைத்து மறுத்தார்.

“வழக்காளியிட்ட ஒண்டும் வாங்கக் கூடாதம்மா” என்று நான் காதுக்குள் சொன்னேன்.

“வெயிலுக்குள்ள வந்த பொம்பிளைக்கு இளநி குடுக்கிறதும் குற்றமா? நல்ல சட்டம்தான் படிச்சிருக்கிறீங்க.”

கம்பனியின் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வந்த மூத்தவர். கரையை ஒரு தரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நான் வாதாட ஒன்றுமில்லை” என்றார் நீதிபதியிடம். “நீதிமன்று காண்பதை அப்படியே பதிந்தால் போதும்.”

பதிவாளர் எழுதத் தொடங்கினார். வெறும் மணற்கரை. கட்டடம் எதுவுமில்லை. படகு, வலை எதுவுமில்லை. அவர் எழுத எழுத என் காலுக்குக் கீழே மணல் கரைவதுபோல இருந்தது. சவிரிமுத்து மாமாவின் முகம் செத்துப்போய்விட்டது. என்ன நடக்கிறதென்று அப்போதுதான் அம்மாவுக்கும் உறைத்தது. அவள் மெல்லமாக அந்தக் கதிரையில், நீதிபதிக்கு விரித்த வெள்ளைத் துணியின்மேல், தானே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்றுவரை இங்கே எல்லாம் இருந்தது, இவர்கள்தான் எடுத்துவிட்டுக் கூட்டிவிட்டார்கள் என்று நான் சொல்ல முடியாது. சட்டத்தரணி சாட்சி சொல்ல முடியாது. ஊரார் சொன்னால் இந்தக் கரையைப் பார்த்த பிறகு யார் நம்புவார்கள்? தடுமாறி நின்றபோதுதான் கரையில் இன்னொன்றும் இல்லை என்பது என் தலையில் தட்டியது. காகங்கள். எங்கள் கரையில் காகம் இல்லாத பகலை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

திரும்பிப் பார்த்தேன். அந்தோனியார் கோயில் கூரை கறுப்பாகத் தெரிந்தது. கூரை விளிம்பு, மணிக்கூண்டு, சிலுவையின் இரண்டு கை எல்லாம் காகம். கோயில் வாசலில் ஊரின் நாய்களும் பூனைகளும் சண்டையை மறந்து ஒன்றாகக் குந்தியிருந்தன.

“கனம் நீதிபதி அவர்களே, மன்று அந்தக் கோயிலையும் பார்க்க வேண்டும்.”

“கட்டளை கரையைப் பற்றியது” என்றார் கம்பனியின் சட்டத்தரணி உடனே.

“கரை பாவிக்கப்படுகிறதற்கான அடையாளங்களைப் பார்ப்பது என்றுதான் கட்டளை சொல்கிறது. அந்த அடையாளங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை.”

நீதிபதி காகங்களைப் பார்த்தார். செருப்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

கதவைத் திறந்ததும் மணம் எங்களை ஒரு அடி பின்னால் தள்ளியது. பீடத்தின் படி வரைக்கும் கரைவலை மலைபோலக் குவிந்திருந்தது. வாங்குப் பலகைகளில் சாக்கு விரித்து, சாளையும் நெத்தலியும் சனம் உட்கார்ந்திருப்பதுபோல வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. படகு எஞ்சின்கள் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குப் பக்கத்தில். அந்தோனியாரின் தோளிலும் யாரோ அவசரத்தில் ஒரு கயிற்றுச் சுருளை மாட்டியிருந்தார்கள்.

நீதிபதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: “இதெல்லாம் ஏன் இங்கே இருக்கிறது?”

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன் அம்மா சிங்களத்திலேயே பதில் சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் சிங்களம் விளங்காதவர் குறைவு.

“நீங்க வாறீங்க எண்டுதான் அம்மா. குப்பைக்குள்ளயா உங்களை நிக்க வைக்கிறது?”

நீதிபதியின் தோள்கள் தலைப்புக்குப் பின்னால் குலுங்கின. பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டார். “எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். நான் நின்று பார்க்கிறேன்.”

கோட்டுக்கு இந்தப் பக்கம்

எங்கள் கரை திரும்ப நிறைந்ததை நான் இன்றும் கண்ணை மூடினால் பார்ப்பேன். கோயிலுக்குப் பின்னால் ஏற்றி வைத்திருந்த வள்ளங்கள் முதலில் வந்தன. அப்பாவும் மற்றவர்களும் வலையைப் பாம்புபோல நீட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். பெண்கள் பரண்களைத் தலையில் சுமந்து ஓடினார்கள். ஒருவரும் ஒருவரிடமும் இடம் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் நேரே தன் இடத்துக்குப் போய், மணலைக் காலால் விலக்கினாள். கீழே வட்டமாக அடுக்கிய முருகைக்கற்கள், கடலின் பவளக்கற்கள், இருந்தன. பரணின் கால் அதற்குள் இறங்கி ஆடாமல் நின்றது.

காகங்கள் கோயிலை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பின.

வென்றுவிட்டேன் என்று மூச்சு விட்டபோது, கம்பனியின் நில அளவையாளர் பழைய வரைபடத்தை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். அதில் கடல் பக்கம், தோட்டத்தின் மேற்கு எல்லையாக ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடு இப்போது அலை உடையும் இடத்தில் விழுந்தது.

“பாவிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம்” என்றார் அந்த மூத்தவர். “ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் உறுதி நிலத்தில். கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கரை முழுவதையும் அவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.”

கோட்டுக்கு அந்தப் பக்கம் கடல் மட்டும்தான் இருந்தது.

நீதிபதியின் அனுமதியோடு அம்மாவிடம் கேட்டேன். மகளாக அல்ல, சட்டத்தரணியாக. “இந்தப் பரண் எப்போதும் இந்த இடத்தில்தானா இருந்தது?”

“இல்ல.”

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் சிரித்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

“நான் கலியாணம் முடிச்சு வரக்குள்ள அங்க இருந்திச்சு” என்று அலையைக் காட்டினாள். “கடல் ஏறினா நாங்களும் ஏறுவம். முழு வரிசையும் சேர்ந்துதான் ஏறும். ஆள் மாறாது. பிலோமினாவுக்குப் பக்கத்தில நான், அது எண்டைக்கும் என்ட விதி.”

“ஓம், எனக்கும் அதே விதிதான்” என்றாள் பிலோமினா அக்கா, கோபம் தீராமலே.

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பல வருடங்களாகச் சட்டப் புத்தகங்களில் நான் தேடிய ஒன்று அந்தப் பதிலில் இருந்தது. ஊர் பாவித்து வந்தது ஒரு துண்டு நிலத்தை அல்ல. கரையை. கரை எங்கே போகிறதோ அந்தப் பாவனையும் அங்கே போகிறது. ஆனால் அம்மாவின் வாய் வார்த்தை போதாது. அலைக்குள் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் வழக்கை நானே புதைத்தவளாவேன்.

சவிரிமுத்து மாமா மண்வெட்டியோடு இறங்கினார். தோண்டத் தோண்டத் தண்ணீர் குழியை மூடியது. முதல் குழியில் சேறு. இரண்டாவதிலும் சேறு. மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா பொறுக்கவில்லை. பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள்.

“தேங்கா நடக் குழி வெட்டுற மாதிரி வெட்டாத அண்ணா. கொஞ்சம் தெக்கால தள்ளு!”

அடுத்த வெட்டில் மண்வெட்டி ‘டங்’ என்றது. மாமா கையை விட்டுத் தடவினார். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாசி பிடித்த முருகைக்கல் ஒன்று மேலே வந்தது. பக்கத்தில் இன்னொன்று. வட்டமாக, பரண்கால் நிற்க விட்ட துளையோடு. அதற்கும் இன்றைய வரிசைக்கும் நடுவே தோண்டியபோது இன்னொரு கல் வட்டம். கடல் முன்னேறியபோதெல்லாம் எங்கள் பெண்கள் பின்னால் எடுத்து வைத்த காலடிகள் அவை.

நில அளவையாளர் தன் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார். நீதிபதி அலைக்குள் வந்து நின்று, குனிந்து, அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

காற்றுக்கும் மழைக்கும் சட்டம்

தீர்ப்பு வரக் காலம் எடுத்தது. வந்தபோது நாங்கள் கேட்டதைவிட அதிகமாகவே இருந்தது. ஊரின் உரிமை வரைபடத்தின் கோட்டில் நிற்காது, கரையோடு சேர்ந்து நகரும். கரை பின்வாங்கும்போது வேலியும் அந்தளவுக்குப் பின்வாங்க வேண்டும். அந்த வசனங்களை மன்றில் நின்று கேட்டேன். அவற்றில் பாதி என் எழுத்துமூல வாதத்தில் நான் எழுதிய வசனங்கள்.

மேன்முறையீட்டிலும் அது நின்றது.

அதற்குப் பிறகு சிலாபத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் தெரியாத ஊர்களிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வந்தன. எங்கள் கரையும் போகிறது, வாருங்கள் என்றார்கள். ஒரு சட்டத்தரணி ஒரு நேரத்தில் ஒரு கரையில்தான் நிற்கலாம். கடலோ எல்லாக் கரையிலும் ஒரே நேரத்தில் ஏறுகிறது. அந்தக் கணக்கு பிடிபட்ட நாளில்தான் கற்பிப்பது என்று முடிவு செய்தேன். அந்தத் தீர்ப்பையே ஆய்வாக எடுத்து வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துக் கொழும்புக்குத் திரும்பினேன். இன்று காலநிலைச் சட்டப் பேராசிரியர். இந்தப் பதவிக்கு எனக்கு வயது காணாது என்றார்கள். வயது தானாக வரும், அதற்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன்.

“மகள் காத்துக்கும் மழைக்கும் சட்டம் படிப்பிக்கிறா” என்று அம்மா ஊரில் சொல்லித் திரிகிறாள். அதைவிடச் சரியாக என் வேலையை நானே விளக்கியதில்லை.

சென்ற கச்சான் காலத்தில், தென்மேற்குக் காற்று வீசும்போது, கடல் எங்கள் கரையில் மறுபடியும் ஒரு வாய் கடித்தது. முன் வரிசை வாடிகள் போயின. பரண்களைப் பின்னால் எடுக்க வேண்டும், பின்னால் வேலி. தீர்ப்பைச் சொன்னோம். கம்பனி கொஞ்சம் இழுத்துப் பார்த்தது. பிறகு, ஒருநாள் காலையில் வேலையாட்களை அனுப்பியது. நான் என் மாணவர்களை ஒரு பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் உப்பும் கருவாடும் மணத்தன. முள்ளுக்கம்பியைச் சுருட்டும் சத்தம் கேட்டது. சீமெந்துத் தூண்கள் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து வெளியே வந்தன.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேலையாட்களுக்கு நடுவே நின்றாள்.

“மிஸ்,” என்று முன்வரிசை மாணவி மெதுவாகச் சொன்னாள், “தீர்ப்பில இருக்கிற தூரம் வந்திட்டுது. அவ இன்னும் தள்ளச் சொல்றா.”

நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இன்னும் ரெண்டடி தள்ளு தம்பி” என்றாள் அம்மா, குழி தோண்டியவனிடம். “கடல் நிக்கப் போறதில்ல. வாற வருசமும் உன்னை வெயிலுக்குள்ள கூப்பிட வைக்காத.”

அவன் நிமிர்ந்து கடலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அலவாங்குக் கம்பியைத் தூக்கி இரண்டடி பின்னால் குத்தினான்.